நிற்கிற நாளுக்கும் கூலி போடுங்கள்: லாரி உரிமையாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம், கரூர் வட்டார லாரி உரிமையாளர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

உங்கள் கூட்டம் எதுவானாலும் டீசல் விலை, சுங்கக் கட்டணம், காலாண்டு வரி பேசி முடித்ததும் அடுத்து வருவது ஒரே பேச்சுதான்: "டிரைவர் கிடைக்கறதில்லைங்க." வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஃபைனான்ஸ்காரர் தவணைத் தேதியைத் தள்ளி வைப்பதில்லை. கடைசியில் ஓனரே ஸ்டியரிங் பிடிக்க வேண்டியிருக்கிறது. வடக்கிலிருந்து ஆள் கூட்டிவந்தும் பார்த்துவிட்டோம் என்கிறீர்கள். டிரைவர் மகன் டிரைவருக்கு வர மாட்டேன் என்று கம்பெனி வேலைக்கோ டெலிவரி வேலைக்கோ போய்விடுகிறான். எல்லாம் உண்மை. யாரும் மறுக்க முடியாது.

நான் நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டியவன். முதுகு ஒத்துழைக்காமல் போனதும் இறங்கி, இப்போது ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் டிரிப் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். டிரைவர்களுக்குச் சம்பளம் எவ்வளவு என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அதை எந்த முறையில் போடுகிறோம் என்பதைச் சங்கத்தில் உட்கார்ந்து பேசி நான் கேட்டதில்லை. நம் தொழிலில் நாலைந்து முறை புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றும் வண்டியை ஒவ்வொரு விதமாக ஓட வைக்கிறது. ஆனால் அநேகமாக எல்லா முறையிலும் வண்டி நிற்கிற நாளின் நஷ்டம் டிரைவர் தலையில்தான் விழுகிறது. அதை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில் வாடகையில் பங்கு. நெடுந்தூரம் ஓடுகிற லைன் வண்டிகளில் இன்றும் நிறைய ஓனர்களுக்குப் பிடித்த முறை இதுதான். வாடகையில் நூற்றுக்கு இத்தனை என்று பேசிவிட்டால் டிரைவரே லோடு தேடுவார், ரிட்டர்ன் லோடுக்குப் புரோக்கர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குவார், வண்டியைத் தன் வண்டி மாதிரி பார்ப்பார் என்பது கணக்கு. அதில் நியாயம் இருக்கிறது. வாடகை நல்லபடியாக இருக்கும் மாதங்களில் பங்கு டிரைவர் சம்பள டிரைவரைவிடக் கூடுதலாக வீட்டுக்குக் கொண்டுபோவார், நானும் கொண்டுபோயிருக்கிறேன். ஆனால் வாடகை டன் கணக்கில் பேசுவது. டன் கூடினால் பங்கு கூடும். அதனால் ஏற்றுகிற இடத்தில் "இன்னும் ரெண்டு டன் போட்டுக்கலாமா" என்று கேட்டால் டிரைவருக்கும் சபலம் வரும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். மாட்டினால் அந்த அபராதம் யார் கணக்கில் என்று வாய்ச்சொல்லில் விட்டுவிடுகிறோம். கணக்கு முடிக்கிற அன்று சண்டை அங்கேதான் வெடிக்கிறது.

பங்கு முறையில் இன்னொரு வில்லங்கம், வாடகை எவ்வளவு என்று டிரைவருக்கு நிஜமாகத் தெரிவதில்லை. முன்பு புக்கிங் ஆபீஸில் அட்வான்ஸைக் கையில் வாங்கியவர் டிரைவர்தான். டோலுக்கும் டீசலுக்கும் எண்ணிக் கொடுத்தவரும் அவர்தான். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. டீசல் கார்டும் வந்துவிட்டது. வாடகை நேராக ஓனர் அக்கவுன்ட்டுக்குப் போகிறது. கணக்கு சுத்தமானது நல்லதுதான். ஆனால் எந்தத் தொகையில் தனக்குப் பங்கோ அந்தத் தொகையை டிரைவர் கண்ணால் பார்ப்பது நின்றுபோனது. வாடகை ரசீதைக் காட்டாமல் பங்கு மட்டும் கொடுத்தால், நேர்மையான ஓனர் மேலும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

அடுத்தது கிலோமீட்டர் கணக்கு. கன்டெய்னர் வண்டி, பார்சல் சர்வீஸ் வண்டி, பெரிய ஃப்ளீட் வைத்திருப்பவர்களிடம் இது பரவிவருகிறது. ஜிபிஎஸ் பார்த்தால் ஓடிய தூரம் தெரியும், வாதம் இல்லை. எனக்கு இந்த முறையின் தெளிவு பிடிக்கும். ஆனால் சக்கரம் உருண்டால்தான் காசு. கேட்டில் நிற்கும்போது, தார்ப்பாய் கட்டும்போது, பஞ்சர் போடும்போது, மலைப்பாதையில் ஊர்ந்து ஏறும்போது மீட்டர் ஓடாது அல்லது நத்தை மாதிரி ஓடும். வெறும் சமதள ஹைவேயில் ஓடுகிற வண்டிக்கும் மலை ஏறி இறங்குகிற வண்டிக்கும் கிலோமீட்டருக்கு ஒரே ரேட் போடுவது சரியில்லை.

மூன்றாவது, நடைக் கூலி. எம்-சாண்ட், ஜல்லி ஏற்றுகிற டிப்பர், சென்னையில் ஓடுகிற தண்ணீர் லாரி, குவாரி வண்டி எல்லாம் இப்படித்தான். நடைக்கு இவ்வளவு. இந்த முறையைப் பற்றி நான் மென்று விழுங்காமல் சொல்லிவிடுகிறேன்: பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் டிப்பர் பறக்கிறது, தண்ணீர் லாரி சந்துக்குள் கண்மண் தெரியாமல் திரும்புகிறது என்று ஊரே திட்டுகிறதே, அந்த வேகத்தைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் நாம்தான். ஆறு நடை அடித்தால் குடும்பம் ஓடும், நாலு நடை என்றால் கடன் என்று நிலை இருக்கும்போது எந்த டிரைவர் மெதுவாகப் போவார்? வேகத்துக்கு டிரைவரைப் பிடித்து ஃபைன் போடுகிறார்கள். நடைக்கு ரேட் போட்டவரை யாரும் கேட்பதில்லை.

கடைசியாக மாதச் சம்பளமும் படியும். கம்பெனிக் கான்ட்ராக்ட் வண்டிகளில் இது உண்டு. டிரைவர் வீட்டில் உள்ளவர்கள் விரும்புவது இதைத்தான், பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தேதி சொல்ல முடியும். ஓனர்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது: "சம்பளம்னு போட்டா வண்டியை ஓரங்கட்டிட்டுத் தூங்குறாங்க." அப்படித் தூங்குகிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஜிபிஎஸ் இருக்கும் காலத்தில் அது அவ்வளவு பெரிய பிரச்சினையா என்று மட்டும் கேட்கிறேன். இதுபோக ஆக்டிங் டிரைவர் இருக்கிறார், நாளுக்கு இவ்வளவு என்று பேசி ஏறுபவர். அவர் பாடு ஒருவகையில் தெளிவு, அன்றைய கூலி அன்றைக்கு. ஆனால் அடுத்த வாரம் வேலை உண்டா என்பது அவருக்கே தெரியாது.

இப்போது ஒரு டிரிப்பைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்கள் வண்டிக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். சேலத்தில் ஜவ்வரிசி ஏற்றி, பெங்களூரு, ஹூப்ளி, கோலாப்பூர், புனே வழியாக மும்பை. சுமார் 1,200 கிலோமீட்டர். திரும்பும்போது மகாராஷ்டிர வெங்காயம். போகிற வாடகை 60,000, வருகிற வாடகை 50,000, டிரைவர் பங்கு நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் கைக்கு 11,000 ரூபாய். சாப்பாடு, டீ, குளியல் எல்லாம் சேர்த்து நாளுக்கு 400 ரூபாய் அவர் பையிலிருந்து. பத்து நாளில் திரும்பி வந்தால் செலவு 4,000 போக 7,000 மிச்சம், நாளுக்கு 700. அதே டிரிப்பில் இறக்குகிற இடத்தில் மூன்று நாள், ரிட்டர்ன் லோடுக்கு மூன்று நாள் நின்றுவிட்டால் பதினாறு நாள். சாப்பாட்டுச் செலவு 6,400. மிச்சம் 4,600. நாளுக்கு 287 ரூபாய் ஐம்பது காசு. லோடும் அதே, தூரமும் அதே, டிரைவரும் அதே ஆள். அவர் செய்யாத தவறுக்கு நாள் கூலி பாதிக்கும் கீழே போய்விட்டது. கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய் என்று போட்டுப் பார்த்தாலும் 680 ரூபாய் 275 ஆகிறது. மாதச் சம்பளத்தில் மட்டும்தான் அடிப்படைக் கூலி தப்பிக்கிறது. அங்கும் பல ஷெட்டுகளில் வண்டி நின்றால் பாதிப் படிதான்; வண்டி நின்றால் பசியும் பாதியாகிவிடுமா?

நிற்பது என்றால் என்ன என்று ஆபீஸில் மட்டும் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. குடோன் கேட்டில் டோக்கன் வாங்கி வரிசையில் விட்ட பிறகு டிரைவர் வண்டியை விட்டு நகர முடியாது. அரை மணிக்கு ஒருமுறை முன்னால் இருப்பவர் நகர்ந்தால் இவரும் ஸ்டார்ட் செய்து நகர்த்த வேண்டும். நகர்த்தாவிட்டால் பின்னால் இருப்பவர் உள்ளே புகுந்துவிடுவார். டீசல் திருடுபவன், தார்ப்பாய் அறுப்பவன், பேட்டரி கழற்றுபவன் எல்லோருக்கும் அந்த வரிசைதான் வேட்டைக்காடு. ராத்திரி கண் மூட முடியாது. மே மாத வெயிலில் கேபின் இரும்பு கொதிக்கும். கழிப்பறை கம்பெனி உள்ளே இருக்கும், டிரைவரை உள்ளே விட மாட்டார்கள். இப்படி இரண்டு ராத்திரி கழித்து, இறக்கி முடித்ததும் புரோக்கர் போன் அடிக்கிறார்: "டைம் லோடு ஒண்ணு இருக்கு, நாளை மறுநாள் காலைல மார்க்கெட் திறக்கறதுக்குள்ள நிக்கணும்." போன மூன்று நாள் நஷ்டத்தை ஈடுகட்ட வேறு வழி இல்லாததால் டிரைவர் சரி என்கிறார். அந்த ராத்திரி அவர் கண்ணை நம்பித்தான் உங்கள் வண்டியும் எதிரே வருகிற பஸ்ஸும் போகின்றன.

இது என் மனப்பிராந்தி இல்லை. அமெரிக்காவில் நெடுந்தூர டிரைவர்களில் பெரும்பாலோருக்கு மைல் கணக்கில்தான் கூலி. அங்கே மத்தியப் போக்குவரத்துத் துறையின் தணிக்கைப் பிரிவான இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஏற்றி இறக்கும் இடத்தில் வண்டி நிற்கும் சராசரி நேரம் 15 நிமிடம் கூடினால் விபத்து நடக்கும் விகிதம் 6.2 சதவீதம் கூடும் என்று அது மதிப்பிட்டது. இப்படி நிற்க வைப்பதால் டிரைவர்கள் வருடத்துக்கு 110 கோடி முதல் 130 கோடி டாலர் வரை வருமானம் இழக்கிறார்கள் என்றும் சொன்னது. அங்கே பேச்சு 15 நிமிடத்தைப் பற்றி. நாம் பேசிக்கொண்டிருப்பது நாள் கணக்கு.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2006-ல் அவர்கள் போட்ட ஓட்டுநர் நேர விதியின் பத்தாவது பிரிவு, ஓடிய தூரம், ஏற்றிய பாரம் இவற்றை வைத்து டிரைவருக்குக் கூலியோ போனஸோ கொடுப்பது சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதத்தில் இருந்தால் கொடுக்கக் கூடாது என்று சொல்கிறது. 2020-ல் அதைத் திருத்தி, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குக் கொடுக்கும் காசையும் சேர்த்துவிட்டார்கள். அதே விதியில் நாளுக்கு ஒன்பது மணி நேரம்தான் ஓட்டலாம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு. கூலி போடும் முறையும் விபத்தும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை என்பதை ஒரு சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் நாட்டில் சட்டமே இல்லையா என்றால், இருந்தது, இருக்கிறது. 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொன்னது. அதற்கு மேல் என்றால் இரட்டிப்புக் கூலி. மும்பை டிரிப்பில் வண்டி சராசரி மணிக்கு 35, 40 கிலோமீட்டர் போனால் ஓட்டுகிற நேரம் மட்டும் 30 மணிக்கு மேல். எட்டு மணிக் கணக்கில் நாலு நாள். சரக்கோடு போகிற ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில்கூட 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று ஆறு நாள் தருகிறது. சரக்குக்கு அரசாங்கம் ஆறு நாள் கொடுக்கிறது, டிரைவருக்கு நாம் இரண்டரை நாள் கொடுக்கிறோம்.

அந்தச் சட்டத்தில் இரண்டு ஓட்டை. ஒன்று, ஐந்து தொழிலாளர்களாவது வேலை செய்கிற நிறுவனத்துக்குத்தான் அது பொருந்தும். நம் சங்கங்களில் ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அவர்கள் வெளியே நின்றார்கள். ஒரே ஷெட்டில் நிற்கும் வண்டிகளின் ஆர்.சி. குடும்பத்தில் நாலு பேர் பெயரில் இருக்கும்போது அவர்களும் வெளியே நின்றார்கள். இரண்டாவது ஓட்டைதான் என் பேச்சுக்கு நேரானது. வேலை நேரம் என்பது தொழிலாளி முதலாளியின் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருக்கும் நேரம் என்று அழகாக ஆரம்பித்துவிட்டு, நிலையத்தில் சும்மா காத்திருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்குக் குறைவானதை மட்டும்தான் அது வெளிப்படையாகச் சேர்த்துச் சொன்னது. எழுதியவர்கள் மனதில் பஸ் ஸ்டாண்டு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். குடோன் வரிசையில் இரண்டு நாள் நிற்கும் லாரி அவர்கள் கண்ணில் படவில்லை.

2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஊதியச் சட்டத்தொகுப்பை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பங்கு, நடை, கிலோமீட்டர் என்று உருப்படிக் கணக்கில் கூலி போட்டாலும், நேரக் கணக்கில் குறைந்தபட்சக் கூலி மட்டும் நிர்ணயித்திருந்தால், அதற்குக் கீழே போகக் கூடாது என்று அதில் இருக்கிறது; பழைய 1948 குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இது இருந்ததுதான். புதிதாக வந்தது இன்னொன்று: படி, பயணச் செலவு, கமிஷன் போன்றவற்றைச் சம்பளத்தில் சேர்க்க வேண்டாம், ஆனால் அவை மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மிஞ்சுகிற பகுதி சம்பளமாகவே கருதப்படும். சம்பளம் என்று ஒரு சின்னத் தொகையை எழுதிவிட்டு மிச்சத்தையெல்லாம் படி, பங்கு என்று கொடுக்கிற நம் வழக்கம் இந்தக் கணக்கில் நிற்காது.

அந்த வழக்கம் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று காட்டுகிறேன். வேலையில் டிரைவர் இறந்தால் இழப்பீட்டுக் கணக்கு இதுதான்: மாதச் சம்பளத்தில் பாதி, பெருக்கல் வயதுக்குரிய எண். சம்பளத்துக்கு உச்சவரம்பு 2020 முதல் 15,000 ரூபாய். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. மாதம் 15,000-க்குக் குறையாமல் சம்பளம் எழுதியிருந்தால் குடும்பத்துக்கு 13,81,275 ரூபாய். 8,000 என்று எழுதி மீதியைப் படியாகக் கொடுத்திருந்தால் 7,36,680 ரூபாய். வித்தியாசம் ஆறே கால் லட்சத்துக்கு மேல். படியும் வருமானம்தான் என்று விதவைப் பெண் வக்கீல் வைத்து வாதாட வேண்டும், அது செலவுக்குக் கொடுத்த காசு என்று எதிர்த்தரப்பு சொல்லும், வருடங்கள் ஓடும். வண்டிக்கு இன்சூரன்ஸ் ஒழுங்காக இருந்தால் அந்தத் தொகையைக் கட்டப்போவது இன்சூரன்ஸ் கம்பெனி. ஓனருக்கு ஒரு பைசா மிச்சமில்லாத காரியத்துக்காக ஒரு வீட்டின் பாதிப் பணம் போகிறது. உயிரோடு இருக்கிற டிரைவருக்கும் இதே கதைதான்: பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, பேங்கில் லோன் கேட்டால் காட்ட ஒரு சம்பளச் சீட்டு இல்லை.

டீசல் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் என்று பேசி, மிஞ்சினால் டிரைவருக்கு, குறைந்தால் டிரைவர் கையிலிருந்து என்பது பல இடங்களில் நடைமுறை. மிச்சம் பிடித்தால் ஊக்கத்தொகை கொடுப்பது நல்ல பழக்கம், நிதானமாக ஓட்ட வைக்கும். குறைந்ததைப் பிடிப்பதுதான் தப்பு. டர்போ கோளாறு, டயர் காற்று, அதிக பாரம், மழை, மும்பை நெரிசல் எல்லாவற்றுக்கும் டிரைவர் பொறுப்பாக முடியாது. முன்பணம் கொடுத்துவிட்டு லைசென்ஸை வாங்கி வைத்துக்கொள்கிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதைச் சங்கமே தடுத்து நிறுத்த வேண்டும். ஒருவரைப் பிடித்துவைத்து நெடுநாள் வேலை வாங்க முடியாது.

உங்கள் பக்கத்துக் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. ஒரு வண்டி ஓனர் தானே ஓட்டிக்கொண்டு, தன் கூலியைக் கணக்கில் எழுதாமலேயே "இந்த மாசம் கொஞ்சம் மிஞ்சுச்சு" என்று சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அவர் மிச்சம் என்று சொன்னது அவருடைய சொந்தக் கூலிதான். சில மாதங்களில் அதுகூட முழுசாக இல்லை. வண்டியை நிற்க வைத்ததற்கான ஹால்டிங் காசு புக்கிங் சீட்டில் அச்சடித்திருக்கும், கேட்டால் புரோக்கர் சரக்குக்காரரை, அதாவது பார்ட்டியைக் கை காட்டுவார், பார்ட்டி குடோன் மேனேஜரைக் கை காட்டுவார், பேலன்ஸ் வாடகை வந்தால் போதும் என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். உங்களுக்கே வராததை டிரைவருக்கு எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வி நியாயமானது.

ஆஸ்திரேலியாவில் இதே கேள்வியில் ஒரு நல்ல முயற்சி விழுந்துபோனது. 2012-ல் சாலைப் பாதுகாப்புக்கும் கூலிக்கும் சேர்த்து ஒரு தனி நடுவம் அமைத்தார்கள். அது குறைந்தபட்சக் கட்டணம் நிர்ணயித்தபோது, சொந்த வண்டி ஓட்டுகிற சின்ன ஓனர்கள் தங்களுக்கு லோடே கிடைக்காமல் போகும் என்று தெருவில் இறங்கினார்கள். 2016 ஏப்ரலில் பாராளுமன்றம் அந்த நடுவத்தையே கலைத்தது. எட்டு வருடம் கழித்து 2024-ல் வேறு சட்டம் போட்டு, அந்த அதிகாரத்தைப் பொதுவான வேலை ஆணையத்திடம் கொடுத்தார்கள். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது, டிரைவர் கூலியின் பாரத்தைச் சின்ன ஓனர் முதுகில் மட்டும் ஏற்றினால் அது நிற்காது. சரக்கு யாருடையதோ அவர் வரை போக வேண்டும். அதைச் செய்யத் தனி ஆளால் முடியாது. சங்கத்தால் முடியும்.

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலியைச் சரக்கு உரிமையாளரே கொடுக்க வேண்டும் என்று சங்கங்கள் ஒன்றாக நின்று கேட்டதை எல்லோரும் அறிவோம். அதே குரலில் ஹால்டிங்கையும் கேளுங்கள். முன்பு "உங்க வண்டி எப்ப வந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்" என்று சொல்லித் தட்டிக்கழிக்க முடிந்தது. இன்று ஜிபிஎஸ் இருக்கிறது, ஃபாஸ்டேக் நேரம் இருக்கிறது, கேட் டோக்கனை டிரைவர் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடுகிறார். எத்தனை மணிக்கு வரிசையில் நின்றது, எத்தனை மணிக்கு வெளியே வந்தது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடுகிறது. கேட்கத் துணிவு வேண்டும், அவ்வளவுதான்.

2025 மார்ச்சில் தென்மண்டல எல்பிஜி டேங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, எண்ணெய் நிறுவனங்களின் புதிய ஒப்பந்தத்தில் அவர்கள் எதிர்த்த விதிகளில் ஒன்று, மாற்று டிரைவரோ கிளீனரோ இல்லாமல் போனால் அபராதம் என்பது. ஆள் கிடைக்காத காலத்தில் அபராதம் போட்டால் எப்படி என்று உரிமையாளர்கள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. ஆனால் கேஸ் டேங்கரில் இரண்டாவது ஆள் வேண்டும் என்பதில் தப்பு என்ன இருக்கிறது? இரண்டாவது டிரைவரின் கூலியையும் சேர்த்து வாடகை கொடுங்கள், விதியை ஏற்கிறோம் என்று கேட்டிருக்கலாம் என்பது என் எண்ணம். டிரைவர் கூலி என்பது வாடகைக்குள் தனி வரியாக எழுதப்பட்டால், அதைப் பேரம் பேசிக் குறைப்பது கடினமாகும். இன்று அது வாடகைக்குள் கரைந்து கிடப்பதால்தான் வாடகை குறையும்போதெல்லாம் முதலில் டிரைவர் கூலி குறைகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. பங்கு முறையை ஒழிக்கச் சொல்லவில்லை. லைன் வண்டிக்கு அது பொருந்துகிறது. அதற்கு அடியில் ஒரு மாதச் சம்பளம் இருக்கட்டும், அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாமல், பேங்க் அக்கவுன்ட்டில். பங்கும் கிலோமீட்டரும் அதற்கு மேல் வரட்டும். படியை வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்து திரும்பி வந்து சாவி கொடுக்கும் நாள் வரை, ஓடினாலும் நின்றாலும் முழுதாகக் கொடுங்கள். ஏற்றுகிற இடத்திலும் இறக்குகிற இடத்திலும் 24 மணி நேரத்துக்கு மேல் நின்றால் டிரைவருக்கென்று ஒரு ஹால்டிங் கூலி, ஓனருக்கு வருகிற ஹால்டிங்கில் பேசி வைத்த ஒரு பகுதி. பார்ட்டி கொடுக்கவில்லை என்றால் குறைந்தபட்சம் ஒரு நாள் கூலியாவது. டிப்பருக்கும் தண்ணீர் லாரிக்கும் நடைக் கூலியை விட்டுவிட்டு நாள் கூலிக்கு மாறுங்கள். ஊருக்குள் ஓடுகிற வண்டிக்கு நடைக் கணக்கு கூடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். வாடகை ரசீதின் நகலைப் பங்கு டிரைவருக்குக் காட்டுங்கள்.

இவற்றைச் சங்கத்தின் பெயரில் ஒரு பக்கத் தாளாக அச்சடித்து, புக்கிங் சீட்டோடு சேர்த்துக் கொடுத்தால் போதும். தமிழில் ஒன்று, இந்தியில் ஒன்று. வடக்கிலிருந்து வருகிற டிரைவர்களும் படிக்க வேண்டும். புரோக்கர் சங்கங்களையும் அழைத்துப் பேசுங்கள். தொழிலாளர் நலத் துறை அதிகாரி ஒருவரையும் கூப்பிடுங்கள். ஓட்டுநர்கள் சார்பிலும் இரண்டு பேர் உட்காரட்டும். இதுவரை டிரைவர் சம்பளத்தைப் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் ஒரு நாற்காலியிலும் டிரைவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

செலவு கூடும் என்பீர்கள். கூடும். அதே சமயம் டிரைவர் இல்லாமல் ஷெட்டில் நிற்கும் வண்டிக்குக் கட்டுகிற தவணையையும், மாதத்துக்கு ஓர் ஆளை மாற்றி, புதிதாக வருகிறவர் கியர் பாக்ஸைப் பழகுவதற்குள் ஆகிற பட்டறைச் செலவையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான் கணக்கு முடிக்கிற ஆபீஸில் நின்ற நாளுக்கும் முழுப் படி கொடுக்க ஆரம்பித்த பிறகு ஆள் மாறுவது குறைந்திருக்கிறது. இறக்க லேட்டாகும் என்று தெரிந்தால் டிரைவரே முதல் நாளே போன் செய்து சொல்கிறார், நாங்கள் பார்ட்டியிடம் பேச நேரம் கிடைக்கிறது. முன்பு மறைப்பார்கள், நின்றதற்கும் தங்கள் மேல்தான் பழி வரும் என்று.

உங்கள் அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக வையுங்கள். டிரிப் ஷீட்டுகளை வைத்துக்கொண்டு, எந்த முறையில் எவ்வளவு கூடும், எங்கே குறையும் என்று வண்டி வாரியாகப் போட்டுக் காட்ட நான் வரத் தயார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் டிரைவர்கள் சிலரையும் கூட்டிவர முடியும்.

இப்படிக்கு,
முன்னாள் லாரி ஓட்டுநர், இந்நாள் டிரிப் கணக்கர்,
நாமக்கல் மாவட்டம்.